டிக்கிக்குள் ஓர் ஆடு

மதிப்பீட்டாளர் ஓரோஸ்பெக்கின் முன்னால் அவித்த ஆட்டுத் தலையை வைத்துவிட்டார்கள். இனி அவர் காதை அறுத்துச் சின்னவர்களுக்குக் கொடுத்து, கண்ணைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்து, எல்லாரையும் வாழ்த்தி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். தலை வைக்கப்பட்ட விருந்தாளி பாதியில் எழுந்து போகும் வழக்கம் நாரின் ஊரில் கிடையாது.

அதை நம்பித்தான் தேன் கம்பெனி முதலாளி மெலிஸ் மெதுவாகக் கொல்லைப்பக்கம் நழுவினார். அங்கே திட்ட அதிகாரி நூர்சதா, குதி உயர்ந்த செருப்பும் தானுமாக, இன்னோர் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இது உயிரோடு இருந்த ஆடு. நல்ல கொழுத்த ஆடு.

கம்பெனியின் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதியவள் அவள்தான். அதில் நெறிமுறைக்கும் சமூகப் பொறுப்புக்கும் தனி அத்தியாயமே உண்டு. கம்பெனி அதன்படி நடக்கிறது என்று ஓரோஸ்பெக் சான்றிதழ் கொடுத்தால்தான் வெளிநாட்டுக்காரர்கள் தேன் வாங்குவார்கள். கொடுக்காவிட்டால் பீப்பாய்கள் கிடங்கிலேயே கிடக்கும். குளிர்காலம் வருவதற்குள் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"அண்ணே, நேராவே பேசிட்டா என்ன?" என்றாள் நூர்சதா.

"முகத்துக்கு நேரா ஆட்டுப் பேச்சை எடுத்தா மனுஷன் கோவிச்சுக்குவாரு. அவர் கண்ணுல படாம இது அவர் வண்டியில ஏறியாகணும். ஏறலைன்னா சான்றிதழ் அம்போ."

தூக்கம் கெட்டு நெறிமுறை அத்தியாயம் எழுதியவள், தலையெழுத்தே என்று ஆட்டின் பின்பக்கத்தைத் தள்ளினாள். ஆடு ஓர் அடி நகர்ந்தது. அவளுடைய ஒரு செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது.

முன்னாலிருந்து இழுத்தவர் மெலிஸ். ஆடு கத்த வாயைத் திறந்ததும், பாவம், வேறு எதுவும் கைக்குக் கிடைக்காமல் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி அதன் வாயில் திணித்தார். கல்யாணத்தன்று மாமனார் தலையில் வைத்த தொப்பி. ஆடு அதை ருசித்து மெல்ல ஆரம்பித்தது.

ஓரோஸ்பெக்கின் பழைய காரில் டிக்கிப் பூட்டு எப்போதோ போய்விட்டதால் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அவிழ்த்துத் திறந்தால், உள்ளே வைக்கோல் பரப்பியிருந்தது. அதுவரை அடம்பிடித்த ஆடு வைக்கோலைக் கண்டதும் தானாக ஏறிப் படுத்துக்கொண்டது.

"ரொம்பப் பழக்கம் போல," என்றாள் நூர்சதா.

இருவரும் கை கழுவிக்கொண்டு பந்திக்குத் திரும்பினார்கள். இப்படியொரு சுத்தமான கம்பெனியைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டு ஓரோஸ்பெக் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். தொப்பி எங்கே என்று மெலிஸிடம் விசாரித்தார். தலையில் காற்றுப் படட்டும் என்று கழற்றி வைத்ததாக மெலிஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கார் கிளம்பிப் போனதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

ஊர் எல்லை தாண்டியபோது ஓரோஸ்பெக்கின் முதுகுக்குப் பின்னால் 'மே' என்று சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். பாதித் தொப்பியைக் கவ்வியபடி ஆடு அவரை நிமிர்ந்து பார்த்தது. அவர் தளர்ந்துபோய் மனைவிக்குப் போன் போட்டார்.

"காலையில நான் மெலிஸ்கிட்ட குடுத்த அதே ஆடுதான், திரும்ப நம்ம டிக்கியிலயே ஏத்தி விட்டுட்டான், நான் நேர்மையைச் சொல்லிக் குடுத்த கம்பெனியில ஒருத்தனும் ஆட்டை வாங்கிக்க மாட்டேங்குறான், இனி நம்ம பையனுக்கு எங்க போய் வேலை வாங்குறது?"