மூன்றாவது கருவி

காதில் புகுந்த அருவித் தண்ணீர் இன்னும் வடியவில்லை. அதனால் ஏசுதாசன் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார்.

பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, ஈரத்துண்டைத் தோளில் போட்டபடி தலையைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டினார். சந்தேகமே இல்லை. பாவூர்சத்திரம் சந்தைக்குக் கிளம்பிய எதிர்வீட்டு முகம்மது இஸ்மாயில், டெம்போவைத் தெருமுனையில் திருப்பியபடி சீட்டியடித்துக்கொண்டு போனார். அது ஏசுதாசனின் பாட்டு.

அந்த மெட்டு மூன்றே பேருக்குத்தான் தெரியும். மெட்டமைத்த அவருக்கு, பாடிய மனைவி ஜெபமலருக்கு, கீபோர்டு வாசித்த ஜெனோவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பாடகர் குழுக்களுக்குப் புதுப்பாடல் போட்டி. ஏற்கெனவே வெளியே ஒலித்த பாட்டு என்று தெரிந்தால், நடுவர்கள் மேடையிலேயே நிறுத்திவிடுவார்கள். பதினோரு வருடமாகப் பரிசே வாங்காதவர், இந்த முறை வாங்கியே தீருவது என்று இருந்தார்.

"ஏலே ஜெனோ, இப்பமே கெளம்பி வா!" என்று போனில் கத்தினார்.

அடுப்படியிலிருந்து ஜெபமலர் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பாட்டுல ஏதும்..."

"பாட்டைப் பத்தி மூச்சு விடாத! ஞாயித்துக்கெழம வரைக்கும் என்கிட்டகூடப் பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பாவூர்சத்திரத்திலிருந்து ஜெனோ வந்து சேர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் ஏசுதாசன் லேப்டாப்பைத் திறந்து, துப்பறிந்து முடித்திருந்தார்.

பாட்டுகளை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் புது சாஃப்ட்வேரைப் போன ஞாயிறு ஏற்றிக் கொடுத்தவனே ஜெனோதான். "பழைய மாதிரி பென் டிரைவ்ல ஏத்தி எறக்க வேண்டாம் அண்ணாச்சி. மொட்டைமாடித் தொட்டின்னு வச்சுக்கிடுங்க. தொட்டில ஒருக்கா ஊத்துனாப் போதும், எந்தக் குழாயத் தெறந்தாலும் அதே தண்ணிதான் வரும். லேப்டாப்புல போட்டா, அதோட சேந்த எல்லாத்துக்கும் தானாப் போயிரும்" என்று விளக்கிவிட்டுப் போயிருந்தான்.

தொட்டி லேசில் நிறையவில்லை. பக்கத்துச் சர்ச்சுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்பவர் என்பதால், சபையின் பாட்டுகளெல்லாம் அவர் லேப்டாப்பில்தான் இருந்தன. அவை திரையில் இரண்டிரண்டாகத் தெரிந்தன. போனில் ஒன்றுகூட ஏறவில்லை. எதையோ கண்டுபிடித்தேன் என்றது, எதையோ சேர்க்கலாமா என்றது, அனுமதி உண்டா என்றது. பொறுமை இழந்தவர், கேட்டதற்கெல்லாம் ஓகேயை அழுத்தித் தள்ளினார். அன்று சாயங்காலம், பதிவுசெய்து வைத்திருந்த புதுப்பாட்டு ஒருவழியாகப் போனுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது திரையின் ஓரத்தில், அன்று அவர் கவனிக்காத ஒரு வரி இருந்தது. 'இணைந்துள்ள கருவிகள்: 3.'

"எண்ணுலே," என்றார் ஜெனோவிடம். "லேப்டாப்பு ஒண்ணு. என் போன் ரெண்டு. மூணாவது யாரு?"

ஜெனோ குனிந்து பார்த்தான். எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு பெயர். "இது என் போன் இல்ல அண்ணாச்சி. போன் மாதிரியே தெரியல. எங்கன இருக்குன்னு பாத்துச் சொல்லுதேன், கொஞ்சம் தள்ளுங்க."

"தொடாத! அழிக்கப் பாக்கியா?"

"அழிச்சு எனக்கு என்ன கெடைக்கப் போவுது?"

"ஒன் கொழுந்தியா ஆலங்குளம் குழுவுல பாடுதால்லா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ?"

"அவ பின்வரிசைல நின்னு வாயசைக்கவ அண்ணாச்சி. அவ பக்கம் மைக்கே போவாது."

காப்பி டம்ளர்களுடன் ஜெபமலர் வந்தாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமாங்க?"

"பாட்டைப் பத்தியா?"

"ஆமா."

"அப்பம் வேண்டாம்."

வாசலில் கீரைக்கூடையை இறக்கிய வடிவம்மாள், கட்டைப் பிரித்துக்கொண்டே முணுமுணுத்தாள். மெட்டு மட்டுமல்ல, இரண்டாம் சரணம், வார்த்தை பிசகாமல்.

ஏசுதாசனுக்குத் தலைக்கேறியது. "கீரக்காரி வரைக்கும் குடுத்துட்டியாலே! ஞாயித்துக்கெழம நீ வர வேண்டாம். கீபோர்டத் தூக்கிட்டு நடையக் கட்டு."

 எட்டு வருடமாக அந்த வீட்டின் மூலையில் இருந்த கீபோர்டை ஜெனோ உறைக்குள் வைத்து, நிதானமாக ஜிப்பை இழுத்தான். வாசல் வரை போய், செருப்பைப் போடாமல் நின்றான்.

"நான் யாருக்கும் குடுக்கல அண்ணாச்சி."

அந்தக் குரல் ஏசுதாசனை என்னவோ செய்தது. ஜெனோ இல்லையென்றால், மீதி ஒரே ஒரு ஆள்தான். மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்பம் நீதானா? யாருகிட்ட பாடிக் காட்டுன?"

"இப்பம் வாயத் தொறக்கலாமா?"

"தொறந்து தொல!"

ஜெபமலர் டம்ளரைக் கீழே வைத்தாள். "திங்கக்கெழமையில இருந்து தெனமும் காலைல ஆறு மணிக்கு நம்ம சர்ச்சு கோபுரத்து ஸ்பீக்கர்ல அதுதான் பாடுது; நீங்க அந்நேரம் அருவிக்கு அடியிலல்லா நிக்கிய!"