இறக்குவானை இறக்கம்

முடக்கு வந்தது. வளைவில் திரும்புமுன் சசி பிரேக்கைப் பிடித்தான்.

பின்னால் வந்த ஐந்து சைக்கிள்களும் ஒன்றோடொன்று முட்டாத குறையாக வேகம் குறைந்தன. “பார தென்ன!” என்று எவனோ சிங்களத்தில் கத்தினான். வழி விட வேண்டுமாம். வழி இருந்தால் அல்லவா விடுவதற்கு? ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் சசி.

சசிக்கே பற்றிக்கொண்டு வந்தது.

நான்கு நாள் போட்டியில் இது மூன்றாம் நாள். சூரியகந்த ஏற்றத்தில் அவனுடைய அணித் தலைவன் தனுஷன் எல்லோரையும் உதறிவிட்டுத் தனியாக முன்னால் போய்விட்டான். கீழே இறக்குவானை பஜாரில்தான் முடிவுக்கோடு. அதுவரைக்கும் சசி துரத்துகிறவர்களின் முன்னால் போய் அடைத்துக்கொண்டு, முடக்குக்கு முடக்கு மெதுவாகத் திரும்ப வேண்டும். ஒருத்தனையும் முந்த விடக்கூடாது. பயிற்சியாளர் முக்தாரின் உத்தரவு அது.

“இது எங்க ரோடு சேர்! இங்க வந்து என்னையப் போயி பிரேக் பிடிக்கச் சொல்றீங்களே!” என்று காலையில் சண்டையே போட்டான். முக்தார் அசைந்து கொடுக்கவில்லை.

பேக்கரியில் வேலை செய்த காலத்தில், மேலே தோட்டங்களுக்குப் பாண் கொடுத்துவிட்டு வெறும் பெட்டியோடு இதே இறக்கத்தில் பஸ்ஸை முந்தியவன் அவன். சசி வருகிறான் என்றால் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இன்றைக்கும் பார்த்தார்கள். கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, தோட்டமே பாதையோரம் நின்றது. சசி கல்யாண ஊர்வலம் போல ஊர்ந்து வந்தான்.

“என்னாடா, மாட்டு வண்டியா ஓட்டுற?”

சிரிப்பு எழுந்தது. சிரிக்காமல் நின்றவள் அவன் மனைவி கிருஷ்ணகுமாரி ஒருத்திதான். “விடுங்க! பிரேக்க விடுங்க!” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். நின்று விளக்கம் சொல்லவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த முடக்குக்கும் பிரேக்கைப் பிடித்தான். மனதுக்குள் முக்தாரை அவன் திட்டாத திட்டில்லை.

அந்த முடக்கைத் தாண்டியதும் தனுஷன் தெரிந்தான்.

பாதையோரத் தண்ணீர்க் கானுக்குப் பக்கத்தில், காற்றுப்போன சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“டயர் வெடிச்சிருச்சு! எனக்கு வேன் வருது. நீ போ சசி! இன்னைக்கு நீதான்!”

காலையிலிருந்து காத்திருந்த வார்த்தை. இனி அடைக்க வேண்டியதில்லை, யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மிச்சமிருப்பதெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டு திரும்பக்கூடிய முடக்குகள். நேர் பாதையில் எழுந்து நின்று பெடலை மிதித்தான். சைக்கிள் சீறியது. பின்னால் சத்தம் அடங்கிப்போனது.

முடக்கு வந்தது.

விரல்கள் பிரேக்கைப் பிடித்தன.

விடு என்றான் விரல்களிடம். அவை விடவில்லை. பள்ளத்தின் அடியில் மரங்களின் உச்சி தெரிந்தது. பாண் பெட்டியோடு வந்த நாட்களில் அவன் கண்ணில் அது பட்டதே இல்லை.

அடுத்த முடக்கிலும் அப்படியே. ஒருவன் வெளிப்பக்கமாக முந்திப் போனான். பிறகு இன்னொருவன். “பார தென்ன” என்று இப்போது யாரும் கேட்கவில்லை. ஐந்து முதுகுகளும் தேயிலைக்குள் மறைந்தன.

பஜாரில் முடிவுக்கோட்டைத் தாண்டி சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கடைப் படியில் உட்கார்ந்தான். சற்றுப் பொறுத்து தனுஷன் வந்து சேர்ந்தான். “நான் போகச் சொன்னேனே சேர்,” என்று முக்தாரிடம் சொல்லிவிட்டு, சசியின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

முக்தார் சசியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை இன்னும் மடங்கியபடியே இருந்தன.

தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கித் தோட்டத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் கிருஷ்ணகுமாரி. மூச்சு வாங்கியபடி நேரே முக்தாரிடம் போய் நின்றாள்.

“நீங்க சொல்லித்தானே இவரு பிரேக் பிடிச்சாரு? பயந்துட்டாருன்னு இவங்கள்லாம் சிரிக்கிறாங்க!”

சசி தலையைக் குனிந்துகொண்டான்.

“ஓம், தங்கச்சி,” என்று தலையாட்டினார் முக்தார். “நாந்தான் சொன்னேன். கடைசி வரைக்கும் பிரேக்க விட வேணாம்னு.”

“கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்று அவள் தோட்டத்து ஆட்களின் பக்கம் திரும்பினாள்.