இடது பக்கச் சிவப்பு

முதல் காற்று மெத்தையை வெடிக்க வைத்தது அவனேதான்.

சக்கர நாற்காலியில் போட்டு உட்காருகிற மெத்தை அது. அக்கா உட்கார்ந்ததும் கொஞ்சம் அமுங்கியது. பஞ்சர் கடைக்காரனுக்குப் பொறுக்குமா? தெருவைத் தாண்டி எதிரே இருந்த தன் கடைக்கு ஓடிப் பம்பை எடுத்து வந்து, லாரி டயருக்கு அடிப்பதுபோல அடித்தான்.

நல்லவேளை, அந்த நேரம் அக்கா அதன்மேல் இல்லை.

“அது அமுங்கணும் சார். அப்பதான் எலும்பு உறுத்தாது” என்றாள் மெத்தையை விற்ற தெரபிஸ்ட்.

காற்றைப் பற்றித் தனக்கே பாடமா என்று அவனுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அவள்மேல் ஒரு கண் வைத்திருந்தான்.

அக்காவுக்குத் தசை கரைகிற நோய். கால்கள் போய்விட்டன, இடுப்புக்குத் தானாக எழும்பி நகரத் தெம்பில்லை. வாய் மட்டும் பழைய வேகத்தில் இருந்தது.

இரண்டாவது மெத்தை வந்து பத்தே நாளில் அவளுடைய இடது இடுப்பில் சிவப்புத் தடம். அவன் மனைவிதான் பார்த்துச் சொன்னாள். தோல் கிழிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான், நாற்காலியை மறந்துவிட வேண்டியதுதான் என்றாள் தெரபிஸ்ட்.

இன்று அவள் ஒரு மெல்லிய விரிப்போடு வந்தாள். அக்காவுக்கு அடியில் அதை விரித்ததும், எங்கே எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்று கணினித் திரையில் வண்ணப் படம் விழுந்தது. இடது பக்கம் ரத்தச் சிவப்பு. வலது பக்கம் வெறும் நீலம்.

மெத்தை விற்கிறவளே படமும் காட்டினால்?

அக்காவைத் தூக்கிக் கட்டிலில் விட்டு, தானே உட்கார்ந்து பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே பச்சை. அக்காவைத் திரும்ப உட்கார வைத்தான். மறுபடி சிவப்பு.

தரை சரிவோ? கடையிலிருந்து ஒரு பேரிங் குண்டைக் கொண்டுவந்து தரையில் வைத்தான். அது அவனை மதிக்காமல் வைத்த இடத்திலேயே நின்றது.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தூக்கி நகத்தி உக்கார வைக்கிறீங்களா?” தெரபிஸ்ட் கேட்டாள்.

“கூப்பிட்டா அடுத்த நிமிஷம் வந்து நிப்பேன்.” அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “அவ கூப்பிட்டாத்தானே?”

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் டயரைத் திட்டாதே, வண்டி எந்தப் பக்கம் சாயுதுன்னு பார் என்று தினம் நாலு பேருக்குச் சொல்கிறவன் அவன். சந்தேகம் மெதுவாகத் தெரபிஸ்டை விட்டு அக்காமேல் திரும்பியது. அவள் இடதுபுற ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து, ஒன்றும் தெரியாதவள்போல இருந்தாள்.

“எதுக்குக்கா எப்பவும் இப்படிச் சாயுற? உண்மையைச் சொல்லு.”

“இப்படிச் சாஞ்சாத்தான்டா உன் கடை தெரியுது” என்றாள் அக்கா. “வண்டி எதாச்சும் நின்னா கூப்பிட மாட்டேன். எப்பப் பாத்தாலும் ஒண்ணு நிக்குது.”