கையெழுத்துப் பிரதி என்ற பேர்

மொழிபெயர்ப்பாளரின் மேசைக்குக் கணினியில் அச்செடுத்த நாவல் ஒன்று வந்து சேர்ந்தது. பக்கத்தில் கிடந்த, மையால் எழுதிய பழைய நாவல் கேலியாகச் சிரித்தது.

"உன் எழுத்தெல்லாம் மெஷின் போட்டது. உனக்கெதற்குக் கையெழுத்துப் பிரதி என்ற பேர்?"

புதியது கூசிப்போய் மேசையிலிருந்த எபிரேய அகராதியிடம் கேட்டது. "ஐயா, உங்கள் மொழியிலாவது எனக்கு வேறு பேர் உண்டா?"

"இல்லையம்மா. ஆங்கிலத்தில் மேனுஸ்கிரிப்ட், எங்களிடம் க்தவ் யாத். எல்லாவற்றுக்கும் கையால் எழுதியது என்றுதான் அர்த்தம். உன்னை யார் தட்டச்சு செய்தது?"

"என்னை எழுதிய பெர்னதெத் டீச்சர்தான். வலது கை விளங்காமல் போய்விட்டது. இடது கையின் ஒற்றை விரலால் முழுக்கத் தட்டினார்."

பழையது நகர்ந்து இடம் விட்டது.

"ஓரத்தில் இருந்தால் விழுந்துவிடுவாய். கிட்டே வா."