காறை எலும்பு

செவிலியர் படிப்பில் சேர்ந்த நாச்சியாருக்கு எலும்புகளின் பெயர்கள் மட்டும் மனதில் நிற்கவே இல்லை. வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் அவள் அப்பா வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வார். அவர் உடம்பிலேயே பேனாவால் எழுதிப் படித்தாள். குதிகாலில் கால்கேனியஸ். முழங்காலுக்குக் கீழே லாரிப் பலகை கிழித்த தழும்பின்மேல் டிபியா. "கூசுது ஆத்தா" என்று நெளிவார். மறுநாள் மண்டியில் வியர்வையோடு மை வழியும்போது, "எம்மவ பாடம்" என்று கூட்டாளிகளிடம் காட்டுவார்.

தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்புக்கு வரும்போது மட்டும் எப்போதும் திணறுவாள். அப்பா, மூட்டை அழுத்திக் காய்த்துப்போன வலது தோளை லேசாகத் தூக்கிக் காட்டுவார். உடனே பெயர் வந்துவிடும்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கையில் அவர் மண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

எரித்த மறுநாள், வேறு பிள்ளை இல்லாததால் அவளே எலும்பு பொறுக்கப் போனாள். மயானப் பணியாளர் சாம்பலில் பால் தெளித்து, கால் தொடங்கித் தலைவரை முறைப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி மண்கலயத்தில் போட்டாள்.

"மந்திரமா தாயி?"

இல்லையென்று தலையசைத்தாள்.

வளைந்த சிறு எலும்பு ஒன்று கைக்கு வந்தது. அவள் அதைப் போடாமல் வைத்துக்கொண்டு சாம்பலையே பார்த்தாள்.

"போடு தாயி, வெயில் ஏறுது."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. அப்பா இன்னும் தோளத் தூக்கல."