பதினான்கு கிளிக்

மூன்றாவது கிளிக்கிலேயே திருகு நின்றுவிட்டது.

பூமிகா கையை எடுத்துவிட்டு மறுபடி திருப்பிப் பார்த்தாள். தளர்த்தும் திசையில், இடப்பக்கமாக, அதற்குமேல் அசையவில்லை. பதினான்கு கிளிக் இருந்திருக்க வேண்டும்.

பானெட்டுக்கு அடியிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. சுற்றிக்கொண்டு காரின் மறுபக்கம் போனாள். அங்கேயும் மூன்று.

ஒரு பக்கம் மட்டும் என்றால் தானாகத் தளர்ந்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனியின் லாரி நிறுத்துமிடம் அது. மாதத்தில் ஒரு ஞாயிறு கிளப்காரர்கள் அங்கே ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக விட்டு, நேரம் குறிப்பார்கள். பூமிகாவும் அவள் கணவன் வசந்தகுமாரும் ஒரே காரைத்தான் ஓட்டினார்கள். முதலில் அவன், பிறகு அவள்.

வார நாட்களில் அதே கார்தான் அவளைக் காக்களூரில் வேலைக்கு இறக்கிவிடும்; இடுப்பு வலிக்கார மாமியாரைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும். அதனால் எல்லாவற்றையும் பாதிப் பாதியாகத்தான் முடிவு செய்தார்கள். முன்சக்கரங்களின் மேல்பக்கத்தை நன்றாக உள்ளே சாய்த்தால் வளைவில் பிடிக்கும், ஆனால் தினசரி ஓட்டத்தில் டயரின் உள்விளிம்பு தேய்ந்துவிடும் என்றார் வீல் அலைன்மென்ட் செய்யும் யேசுதாஸ். பாதியளவு சாய்த்தார்கள். ஷாக் அப்சார்பரை மட்டும் திருகு வைத்ததாகப் பார்த்து வாங்கினார்கள். வார நாட்களில் மூன்று கிளிக், மெத்தென்று போகும். பந்தய நாளில் பதினான்கு, இறுகி நிற்கும்.

மறந்திருப்பான் என்று நினைக்கப் பார்த்தாள்.

ஆனால் இருபது நிமிடம் முன்பு அவன் ஓட்டியதை அவளே பார்த்தாள். கடைசி வளைவில்கூடக் கார் சாயவில்லை. ஐம்பத்தொன்று புள்ளி நான்கு நொடி. வந்து நிறுத்தியதும், இன்ஜின் ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்து குனிந்தவனும் அவன்தான்.

அவள் வேலையே அளப்பது. காக்களூர் கம்பெனியில் ஒரு நாளைக்கு நானூறு பாகங்களைக் கேஜ் வைத்துப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்கிப் போடுவாள். அளக்காமல் எதையும் விடமாட்டாள் என்று சூப்பர்வைசர் சொல்வார். புருஷனின் வேலையை அளந்து பார்க்க அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இன்றும் தரை மேடு பள்ளமாக இருந்ததால் ஒரு கிளிக், இரண்டு கிளிக் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் பானெட்டைத் திறந்தாள். அவன் மோர் வாங்கப் போயிருந்தான்.

பிப்ரவரியில் முதல்முறை ஓட்டியபோது அவள் நேரம் அவனுடையதைவிட முக்கால் நொடி குறைவு. எல்லோரும் அவனைக் கேலி செய்து கைதட்டினார்கள். அவனும் கைதட்டினான். அன்று திரும்பி வரும் வழியில், "இனிமே செட்டிங்க நான் பாத்துக்குறேன் பூமி. நீ ஓட்றதுல மட்டும் கவனம் வை" என்றான்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு ஏழு பந்தயம். ஏழிலும் வளைவுக்கு வளைவு கார் அவளை வெளியே தள்ளியது. பிரேக்கைச் சீக்கிரம் பிடிக்கிறாய் என்றான். பயப்படுகிறாய் என்றான். ஒருமுறை கவரைப்பேட்டை தாண்டும் வரை அழுதுகொண்டே வந்தாள். அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மைக்கில் அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு திருகுகளையும் வலப்பக்கம் திருப்பினாள். பதினான்கு. பதினான்கு. பானெட்டை மூடினாள்.

வசந்தகுமார் மோரோடு வந்தான். "செட்டிங்லாம் பாத்துகினேன். கரெக்டா கீது. பயப்படாம ஓட்டு."

"சரிங்க" என்றாள். மோரை வாங்கிக் குடித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. திருப்பிய பக்கம் கார் திரும்பியது. எட்டு மாதமாகத் தனக்கு ஓட்ட வராது என்று நம்பியிருந்தாள். நாலாவது கூம்புக்கு வரும்போது கண் கலங்கி ஆரஞ்சு நிறம் மட்டும்தான் தெரிந்தது. காலை எடுக்கவில்லை.

நாற்பத்தொன்பது புள்ளி எட்டு.

நேரம் குறிக்கும் பென்னி அட்டையோடு ஓடிவந்தான். "இன்னா டைம்மா இது! அண்ணனயே தூக்கி சாப்ட்டியே!"

வசந்தகுமார் காருக்கு அருகில் நின்றிருந்தான். அவன் பார்வை ஒரு கணம் பானெட்டுக்குப் போய்த் திரும்பியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"செட்டிங் அப்டி, நைனா. காலைலேர்ந்து அதுக்காவத்தான் குந்திகினு மண்டைய ஒட்ச்சிகினேன்."

ஒவ்வொருவராக வந்து அவனுக்குக் கைகொடுத்தார்கள்.

பூமிகா ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு வீட்டுக்கு அதே காரில்தான் போக வேண்டும்.

போனார்கள். வழியில் நிறுத்தி அவன் திருகுகளைத் தளர்த்தவில்லை. திருவள்ளூர் வரை ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் இடித்தது.

வியாழக்கிழமை, கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். உடன் வேலை செய்யும் ஏஞ்சலின் போனை நீட்டினாள். "இது உங்க காருதானக்கா?"

பழைய கார் விற்கும் பக்கம். கழுவித் துடைத்து, அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தி எடுத்த படம். கீழே வசந்தகுமாரின் நம்பர்.

அதற்கும் கீழே அவன் எழுதியிருந்ததைப் பூமிகா இரண்டு முறை படித்தாள்.

‘சிங்கிள் ஓனர். லேடி ஓட்டிய வண்டி. மெதுவாக மட்டுமே ஓட்டியது.’