மூன்று தடவை வெளியே

குவைத்தில் பதினெட்டு வருஷம் பாலைவனத்து நேர்ரோட்டில் லாரி ஓட்டிய அஜ்மீருக்கு, ஊரோடு வந்தபின் வளைவு என்றால் உயிர். வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு, மனைவி சுல்தான் பீவியைக் காரில் ஏற்றிக்கொண்டு, அம்பகரத்தூருக்கு அப்பால் வாய்க்கால் கரையோடு நெளியும் ரோட்டில் சும்மா ஒரு சுற்று போய்வருவார். நாலு கிலோமீட்டர்தான். அதற்குள் அந்த ரோடு இரண்டு தடவை தமிழ்நாட்டுக்குள் போய், இரண்டு தடவை அவர்கள் வீடிருக்கும், புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலுக்குத் திரும்பிவிடும். வெளியே போகிற இடத்தில் 'நன்றி, மீண்டும் வருக' என்று போர்டு இருக்கும். உள்ளே வருகிற இடத்தில் 'காரைக்கால் வரவேற்கிறது'. பீவி அவற்றை எண்ணிக்கொண்டே வருவாள்.

அன்று கடைசி வளைவு தாண்டியதும் அவள் சொன்னாள்.

"என்னங்க, மூணு தடவ வெளிய போயிருக்கோம். உள்ள வந்தது ரெண்டு தடவதான்."

"பேசிக்கிட்டே வந்தியில்ல, ஒண்ண விட்டிருப்பே."

அவரும் எண்ணியிருந்தார். அவருக்கும் அதே கணக்குதான் வந்தது.

கடைத்தெருவில் நிறுத்தி சமோசா வாங்கினார்கள். கடைக்காரர் சலாம் சொன்னார். தெரு, வேப்பமரம், வீட்டின் பச்சை இரும்புக் கதவு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. காரை நிறுத்தும்போது மகள் நௌஷின் போனில் கூப்பிட்டாள்.

"மஃரிபு ஆகப்போவுது வாப்பா. எங்க இருக்கீங்க?"

"வாசல்லதாம்மா. கதவத் தொற."

"நானும் வாசல்லதான் நிக்கிறேன். காரக் காணுமே?"

பீவி சமோசாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். இரும்புக் கதவைத் திறக்கும் கிறீச் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. அவர்கள் எதிரே இருந்த கதவு அசையவில்லை.